மண்ணில் கிடைத்த பழங்காசை அடையாளம் காண்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் பழங்காசு கிடைப்பது பெரிய அதிசயம் இல்லை. கிணறு வெட்டுகிறவர்கள், அத்திவாரம் கிண்டுகிறவர்கள், வயல் உழுகிறவர்கள், மாரிக் கடல் கரையை அரித்துவிட்டுப் போன பிறகு விடியக்காலையில் நடக்கப் போகிறவர்கள் என்று யாராவது ஒருவர் கையில் பச்சை பிடித்த ஒரு குத்தி வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. பிறகு அதன் படம் வாட்ஸ்அப்பில் சுற்றும். ஒருவர் இராவணன் காலம் என்பார். இன்னொருவர் கோடி பெறும் என்பார். மூன்றாமவர் புளி போட்டுத் தேய்த்து இன்னொரு படம் அனுப்பச் சொல்வார். இந்த மூன்றாமவர்தான் ஆபத்தானவர்.

காசின் பெயரைக் கண்டுபிடிப்பது கடைசி வேலை. உலோகம், எடை, அளவு, உருவம், எழுத்து என்று கண்ணுக்கும் கைக்கும் தெரிகிறவற்றை ஒழுங்காகப் பதிந்துகொண்டால், பெயர் பெரும்பாலும் தானாகவே வந்து நிற்கும்.

மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர்களுக்கு

இங்கிலாந்துக்காரர் ஒருவர் வயலில் கருவியை ஆட்டி ரோமானியக் காசு எடுப்பதை யூடியூப்பில் பார்த்துவிட்டு, நாமும் ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்கும் பெடியன்கள் இப்போது நிறைய. அங்கே சட்டம் வேறு, இங்கே வேறு. இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். அதைத் தேடித் தோண்டுவதற்குத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சொந்த வளவாக இருந்தாலும் இதே கதைதான். பொலிஸ் கண்ணில் டிடெக்டரும் மண்வெட்டியும் சேர்ந்தால் புதையல் தோண்டுகிற கூட்டம் என்றுதான் அர்த்தம். தீகவாபி, இராஜகல, லகுகலை மாதிரியான தொல்லியல் இடங்களில் அந்தக் கருவியோடு காலே வைக்காதீர்கள்.

சட்டத்தை விடுங்கள். போர் நடந்த மண் இது. வெடிக்காத குண்டுக்கும் செப்புக் காசுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவி நம்பத் தகுந்த மாதிரிச் சொல்லாது. சத்தம் கேட்ட இடத்தில் மண்வெட்டியைப் போடுவது அறிவுள்ள காரியமே அல்ல.

கரையோரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. திருக்கோயில் பக்கத்தில் இல்மனைட் கலந்த கறுப்பு மணல் இருக்கிறது. இந்த மாதிரிக் கனிம மணலிலும், உப்புநீர் ஊறிய ஈர மணலிலும் மலிவான கருவிகள் சும்மாவே கத்தும். மிச்ச நேரத்தில் சோடா மூடியும் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டும்தான் அகப்படும்.

ஆகவே இந்தக் கட்டுரை, வேறு வேலையாக மண்ணைப் புரட்டும்போது தற்செயலாகக் கிடைத்த காசைக் கையில் வைத்திருப்பவருக்கானது. அல்லது தாத்தாவின் பெட்டகத்தில் இருந்து வந்த காசை வைத்திருப்பவருக்கு.

கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள்

நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிப் பழகிய கை, காசைக் கண்டாலும் அதையேதான் செய்யப் பார்க்கும். செப்புக் காசின் மேல் இருக்கும் பச்சை அல்லது கபிலப் படலம் அழுக்கு அல்ல. அது செம்பே மண்ணோடு சேர்ந்து மாறி உண்டான தோல். எழுத்தும் உருவமும் பல காசுகளில் அந்தத் தோலில்தான் மிஞ்சி நிற்கின்றன. புளியும் தேசிக்காயும் பிராஸோவும் அதைக் கரைத்தால், கீழே பளபளவென்று வருவது எழுத்து இல்லாத செம்புத் துண்டு. அப்புறம் உலகத்தில் எந்த நிபுணரிடம் கொண்டுபோனாலும் பலன் இல்லை.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? செப்புக் காசாக இருந்தால் பெற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரை வாங்கி, ஒரு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் காசைப் போட்டு வையுங்கள். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ வேண்டாம், அவற்றில் உப்பும் குளோரினும் இருக்கும். தினமும் தண்ணீரை மாற்றி ஒரு வாரம் விட்டால் மண் இளகும். இளகியதை மட்டும் மெல்லிய வர்ணத் தூரிகையால் தள்ளிவிடலாம். இளகாததை விட்டுவிடுங்கள். ஊசி, பிளேட், பல் தீட்டும் பிரஷ் எதுவும் கிட்ட வரக்கூடாது. பிறகு துணியால் ஒற்றி, நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும்.

சாம்பல் நிறத்தில், அளவுக்கு மீறிக் கனமாக, நகம் பட்டால் கீறு விழுகிற மாதிரி இருந்தால் அது ஈயம். ஈயத்தை ஊறவைக்கவே வேண்டாம். காகிதத்தில் சுற்றி அப்படியே வையுங்கள். ஈயக் காசு பழங்காலத்து அரிய பொருளாக இருக்க வாய்ப்புண்டு. அம்பாந்தோட்டைப் பக்கம் திஸ்ஸமகாராமைக்கு அருகே அக்குருகொடவில் பழைய ஈயக் காசுகள் கிடைத்திருக்கின்றன, அவற்றில் சிலவற்றில் பிராமி எழுத்து உண்டு. பல காசுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிய கட்டியாக வந்தால் பிரிக்காதீர்கள். அந்தக் கட்டியை எப்படிப் பிரிப்பது என்பது ஆய்வுகூட வேலை.

கடற்கரையில் கிடைத்த செம்பில் ஒரு நோய் வரும். காசைக் காயவைத்து அலுமாரியில் வைத்த பிறகும், சில கிழமைகளில் வெளிர்பச்சை நிறத்தில் பவுடர் மாதிரி பூத்து வரும். உப்பிலிருந்து வந்த குளோரைட்டு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்னுகிறது. இங்கே ஈரப்பதன் அதிகம் என்பதால் வேகமாகவே நடக்கும். அப்படிப் பூத்த காசை மற்றக் காசுகளோடு வைக்காமல், புதிய சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக்கமான போத்தலில் தனியாக வைக்க வேண்டும். மெதுமெதுவென்று இருந்து வாசம் அடிக்கிற பிளாஸ்டிக் உறைகளையும் தவிருங்கள். அதிலிருந்து கசியும் பசை காசைப் பச்சையாக்கிவிடும்.

வாவிச் சேற்றில் இருந்து வந்ததென்றால் நிறத்தை நம்பாதீர்கள். அந்தக் கறுத்த சேற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியையும் செம்பையும் ஒரே மாதிரிக் கறுப்பாக்கிவிடும். கறுத்துப்போன வெள்ளிக் காசை இரும்பென்று எறிந்துவிடுவார்கள்.

கிடைத்த இடத்தை எழுதி வையுங்கள்

கொஞ்சம் சலிப்பான வேலைதான். ஆனால் கிடைத்த இடம் தெரியாத காசு பாதி ஊமை. எந்த ஊர், யாருடைய வளவு, எத்தனை அடி ஆழம், மண் என்ன நிறம், கூட என்ன கிடந்தது என்று அன்றைக்கே எழுதுங்கள். பானை ஓடு, ஓட்டுத் துண்டு, கண்ணாடி மணி, சிப்பி, கரி எல்லாவற்றையும் எழுதுங்கள். கறுப்பும் சிவப்புமான பழைய பானை ஓட்டோடு கிடைத்த செப்புத் துண்டும், சீனக்கோப்பை உடைசலோடு கிடைத்த செப்புத் துண்டும் ஒரே காலத்துக் கதையைச் சொல்லாது. வேறெங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய மண்ணா என்பதையும் கேட்டறியுங்கள். கல்லோயாத் திட்டத்துக்குப் பிறகு அம்பாறையில் மண் இடம் மாறியது கொஞ்சம் அல்ல. வீடு கட்டக் கொட்டிய மண்ணும், வீதிக்குப் போட்ட கிறவலும் எங்கெங்கிருந்தோ வந்தவை.

படம் எடுக்கும்போது பலர் நேர் மேலே பிளாஷ் போட்டு எடுப்பார்கள். தேய்ந்த காசில் அப்போது ஒன்றுமே தெரியாது. ஜன்னல் ஓரத்தில் வெள்ளைக் காகிதத்தில் காசை வைத்து, பக்கத்தில் அடிமட்டத்தையும் வைத்து, டோர்ச் வெளிச்சத்தைத் தரையோடு தரையாகச் சாய்த்து ஒரு பக்கத்திலிருந்து விடுங்கள். காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி எடுங்கள். ஒரு கோணத்தில் வெறும் மேடாக இருந்தது இன்னொரு கோணத்தில் கால் ஆகும், யானைத் தும்பிக்கை ஆகும். இரண்டு பக்கத்தையும், விளிம்பையும் எடுக்க மறக்க வேண்டாம்.

எடை, அளவு, காந்தம்

மூன்றுக்கும் பெரிய செலவில்லை. நகைக்கடைக்காரர் பாவிக்கிற மாதிரி கிராமின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்ன மின்தராசு ஒன்று, மில்லிமீற்றர் அடிமட்டம் ஒன்று, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று.

காந்தத்தில் ஒட்டினால் அநேகமாகப் பழங்காசு இல்லை. செம்பு, வெள்ளி, பொன், ஈயம், பித்தளை ஒன்றும் ஒட்டாது. 2005க்குப் பிறகு வந்த எங்கள் சில்லறைகள் எஃகின் மேல் பூச்சுப் பூசியவை, ஒட்டும். இவை கடற்கரையில் ஒரு வருடம் கிடந்தால் நூறு வருடம் கிடந்த மாதிரி முகம் காட்டும். ஏமாறாதீர்கள்.

விளிம்பைப் பாருங்கள். சுற்றிவர ஒரே சீரான பல்வரி இருந்தால் அது இயந்திரத்தில் அடித்தது. வட்டம் கோணலாக, ஒரு பக்கம் தடித்து, உருவம் நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடி இருந்தால் கையால் அடித்த பழங்காசு. விளிம்பில் கோடு ஒன்று ஓடினால் அச்சில் வார்த்தது. வார்த்த போலிகளிலும் இந்தக் கோடு இருக்கும், கவனம்.

அடிக்கடி கிடைக்கிறவை

எங்கள் பக்கத்தில் மர்மக் காசு என்று காட்டப்படுகிறவற்றில் பெரும்பங்கு இரண்டே வகைதான் என்பது என் எண்ணம்: பிரிட்டிஷ் காலச் சதமும் ஒல்லாந்தர் துட்டும்.

சதம் சுலபம். 1870 முதல் வந்த செப்புக் காசுகளில் ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை, மறுபக்கம் நடுவில் உயர்ந்த மரம், அதன் இரு பக்கமும் சிங்களமும் தமிழும். தமிழ் எழுத்தைப் பார்த்தவுடன் சோழர் காசென்று குதிப்பவர்கள் உண்டு. ராணிக்குப் பிறகு ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜோர்ஜ், ஆறாம் ஜோர்ஜ் என்று தலை மாறும், மரம் மாறாது. எட்வர்டும் ஐந்தாம் ஜோர்ஜும் தாடிக்காரர்கள், ஆறாம் ஜோர்ஜுக்குத் தாடி இல்லை. தேய்ந்துபோன காசில் இது உதவும். மூலை மழுங்கிய சதுரமாக இருந்தால் ஐந்து சதம், 1909இல் வரத் தொடங்கியது. பூவிதழ் மாதிரி விளிம்பு வளைந்து வளைந்து போனால் 1944க்குப் பிறகு வந்த இரண்டு சதமோ பத்துச் சதமோ.

இனி ஒல்லாந்தர் துட்டு. புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், பத்து வருடத்தில், 1638இல், இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1795இல் பிரிட்டிஷ்காரர் கைக்குப் போனது. இந்த இடைவெளியின் கடைசி எழுபது வருடங்களில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் செப்புத் துட்டு கப்பல் கப்பலாக ஆசியாவுக்கு வந்தது. ஆகவே நகரத்துக்குள்ளும் வாவிக் கரையிலும் அது கிடைப்பதில் வியப்பில்லை.

அதை அடையாளம் காண ஒரு சின்னம் போதும். ஒரு பக்கத்தில் பெரிய ஆங்கில வீ எழுத்து. அதன் இடது கையில் ஓவும் வலது கையில் சீயும் பின்னிக் கிடக்கும். கீழே வருடம், பெரும்பாலும் 1726க்கும் 1794க்கும் இடையில். மறுபக்கம் மாகாணத்தின் சின்னம் பொறித்த கேடயம். அலைகளுக்குள் இருந்து பாதி உடம்போடு எழுகிற சிங்கம் என்றால் சீலந்து. ஒற்றைச் சிங்கம் நின்றால் ஒல்லாந்து மாகாணம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிங்கங்கள் நடந்தால் மேற்கு பிரீஸ்லாந்து. இரண்டு சிங்கங்கள் எதிரெதிரே நின்றால் கெல்டர்லாந்து. கேடயத்தை இரு பக்கமும் சிங்கங்கள் தாங்கி நின்றால் உத்ரெக்ட். விட்டம் 21, 22 மில்லிமீற்றர், எடை ஏறத்தாழ 3 கிராம். விக்டோரியா காலத்து ஒரு சதக் காசும் கிட்டத்தட்ட இதே அகலம்தான், ஆனால் எடை 4.7 கிராம் வரும். எழுத்தே தெரியாத வழுக்கைக் காசு கையில் இருந்தால், தராசு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும். மண்ணில் கொஞ்சம் கரைந்திருக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எடை குறைந்திருக்கலாம்.

அந்தச் சின்னமே தடித்த, ஒழுங்கில்லாத செப்புக் கட்டியில் இருந்து, மேலே ஒரு தனி எழுத்தும் இருந்தால் அது இலங்கையிலேயே அடித்த ஸ்ரைவர் என்ற ஒல்லாந்தர் காசு. கொழும்புக்கு சீ, காலிக்கு ஜீ, யாழ்ப்பாணத்துக்கு ஐ, திருகோணமலைக்கு டீ. 1780களிலும் 90களிலும் அடித்தவை. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் கப்பலில் வந்த துட்டை விட நம் ஊர்க் கதை இதில்தான் அதிகம்.

யானைக் காசும் ஒரு குழப்பமும்

பிரிட்டிஷ்காரர் வந்த புதிதில் 1801 முதல் 1816 வரை அடித்த தடித்த செப்புக் காசுகளில் ஒரு பக்கம் யானை, அதன் கீழே வருடம். மறுபக்கம் சிலோன் கவர்ன்மென்ட் என்று ஆங்கிலத்தில் வட்டமாக எழுதி, நடுவில் 12, 24, 48 இவற்றில் ஒன்று. இதில் எல்லோரும் தடுமாறுவார்கள். 48 போட்டதுதான் சிறியது, 12 போட்டதுதான் பெரியது. ரிக்ஸ்டொலர் என்ற அக்காலப் பெரிய நாணயத்தின் 48இல் ஒரு பங்கு, 12இல் ஒரு பங்கு என்று கணக்கு. 1802 என்று வருடம் போட்ட, ஒழுங்கான வட்டமான காசுகளும் உண்டு. அவை இங்கிலாந்தில் அடித்து அனுப்பியவை. 1815இல் யானையோடு மூன்றாம் ஜோர்ஜின் தலையும் சேர்ந்த ஸ்ரைவர் வந்தது.

சட்டப்படி தொல்பொருளுக்கு வரம்பு 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தத்தின் தேதி. அதற்கு முற்பட்டதென்றால் தொல்பொருள். ஆக 1803 யானைக் காசும் ஒல்லாந்தர் துட்டும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். விக்டோரியாச் சதம் வராது. காசின் வருடத்தை முதலில் வாசிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிற்கிற மனிதன்

உள்ளூர்க் காசுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏறத்தாழ 4 கிராம் எடை, 2 சென்றிமீற்றர் விட்டம், செம்பு. ஒரு பக்கம் ஒரு ஆள் நிற்கிறான். கோடும் புள்ளியுமாகப் போட்ட உருவம், வேட்டி மடிப்பு இரண்டு பக்கமும் வளைந்து தொங்கும், பக்கத்தில் தாமரையும் சில புள்ளிகளும். மறுபக்கம் அதே மாதிரி ஆள் உட்கார்ந்திருக்கிறான், வலப்பக்கத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக நாகரி எழுத்து. முதன்முதலாகப் பார்ப்பவர் பேய்ப்படம் என்றோ அனுமார் என்றோதான் சொல்வார். தலைகீழாகப் பிடித்தால் ஒன்றுமே பிடிபடாது. முதலில் வேட்டியின் வளைவைத் தேடுங்கள், அதை வைத்துக் காலைக் கண்டுபிடித்து நேராக்குங்கள்.

இந்த வடிவம் முதலாம் இராஜராஜ சோழனோடு சம்பந்தப்பட்டது. 985இல் ஆட்சிக்கு வந்த அவனுடைய படை அனுராதபுரத்தை வீழ்த்திய பிறகு, பொலநறுவையைத் தலைநகராக வைத்துச் சோழர் 1070 வரை ஆண்டார்கள். அவர்கள் போன பிறகும் காசின் வடிவம் போகவில்லை. முதலாம் பராக்கிரமபாகு, நிஸ்ஸங்கமல்லன், மூன்று தடவை அரியணை ஏறிய லீலாவதி, சாகசமல்லன், தர்மாசோகன் என்று சிங்கள அரசர்களும் அதே நிற்கிற மனிதனையே தொடர்ந்து அடித்தார்கள், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு. சிங்களத்தில் மஸ்ஸ என்பார்கள். ஆகவே உருவத்தை மட்டும் பார்த்து இது சோழர் காசு, இது சிங்கள அரசர் காசு என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு இனத்துக்காரரும் இதில் வாதம் பண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். எழுத்தை வாசித்தால் வாதம் முடிந்துவிடும். ஸ்ரீ ராஜராஜ என்று இருக்கிறதா, ஸ்ரீ பராக்கிரமபாகு என்று இருக்கிறதா, ஸ்ரீ ராஜ லீலாவதி என்று இருக்கிறதா?

நாகரி தெரியாவிட்டால் பரவாயில்லை. மேலே இருப்பது எப்போதும் ஸ்ரீ. அதன் கீழ் இரண்டு எழுத்துகள் இரண்டு தடவை அப்படியே திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள், வந்தால் ராஜராஜ. படத்தைப் பெரிதாக்கி, இந்தி வாசிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டினாலும் பாதிக் கிணறு தாண்டலாம். மட்டக்களப்பில் எவருக்கும் மாகோன் என்ற கலிங்க மாகனின் பெயர் வாயில் வந்துவிடும். அவன் படையெடுத்து வந்தது 1215இல். எழுத்து வாசிக்கப்படாத காசுக்கு அவன் பெயரைச் சூட்டாதீர்கள்.

வடக்கிலிருந்து வந்த ஒன்றும் இருக்கிறது, எந்தத் தமிழரும் வாசிக்கலாம். படுத்திருக்கும் காளை, மேலே பிறை, கீழே சேது என்று தமிழில். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டவை இவை.

இன்னும் பழையவை

இவை அரிது, ஆகவே சுருக்கமாக. சதுரமும் வட்டமும் இல்லாத ஒழுங்கற்ற மெல்லிய வெள்ளித் தகடு, ஏறத்தாழ 3.4 கிராம், ஒரு பக்கத்தில் சூரியன், ஆறு கைச் சக்கரம், குன்று, விலங்கு என்று தனித்தனி முத்திரைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் அது முத்திரைக் காசு, கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளுக்குரியது. மூலை வெட்டுப்பட்டிருப்பது எடையைச் சரிசெய்ய. யாரும் திருடி வெட்டவில்லை.

நீள்சதுரச் செப்புத் தகட்டில், தாமரைமேல் ஒரு பெண் நிற்க இரு பக்கமும் யானைகள் நீர் ஊற்றினால் இலட்சுமித் தகடு. மறுபக்கம் வேலிக்குமேல் நட்ட சுவஸ்திகா. பெரிய, கனமான வட்டச் செம்பில் நடக்கிற யானையும் சுவஸ்திகாவும் வேலியடைத்த மரமும் இருந்தால் அதுவும் அனுராதபுரக் காலத்துக் காசு. விரல் நகம் அளவே உள்ள, தேய்ந்த செம்புச் சில்லுகளில் கிரீடம் வைத்த தலையோ, வட்டத்துக்குள் சிலுவையோ, ஈட்டி பிடித்த வீரனோ தெரிந்தால் 4ஆம், 5ஆம் நூற்றாண்டு ரோமானியக் காசாக இருக்கலாம். இலங்கையில் இவை நிறையக் கிடைத்திருக்கின்றன, இங்கேயே அவற்றைப் பார்த்து அடித்த பிரதிகளும் உண்டு.

காசு மாதிரியே இல்லாத காசு ஒன்றும் உண்டு. வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து, தட்டி, தூண்டில் முள் மாதிரி வளைத்த லாரின். பாரசீகத்து லார் நகரத்தின் பெயர். 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் இந்துசமுத்திரம் முழுக்க ஓடியது. கம்பியில் முத்திரை எழுத்தின் துண்டு தெரியும். பழைய தூண்டில் என்று எறிய முன் காந்தம் வைத்துப் பாருங்கள்.

நடுவில் சதுர ஓட்டை இருந்தால் சீனக் காசு. யாப்பகூவாவில் சோங் வம்சக் காசுகள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன, ஆகவே நம்பக்கூடியதுதான். ஆனால் அதிர்ஷ்டத்துக்கு என்று சிவப்பு நூலில் கட்டி விற்கும் பித்தளைக் காசும் அதே வடிவம்.

தமிழ்நாட்டுக் கரையிலிருந்தும் வந்தவை இருக்கும். நாயக்கர் காலத்துக் குட்டித் தடிக்காசுகள், கிரீடமும் பின்னிய எழுத்துமாகத் தரங்கம்பாடி டேனிஷ்காரர் காசு, 1835 போட்ட கிழக்கிந்தியக் கம்பனிக் கால் அணா என்று. கடல் வழியாகப் போய்வந்த ஊர்களில் இவையெல்லாம் கலந்து கிடப்பது இயல்பு.

காசே இல்லாதவை

பழைய சட்டைப் பொத்தான், வாஷர், நகைத்தட்டாரின் எடைக்குண்டு, தாயத்துத் தகடு, வேளாங்கண்ணிப் பதக்கம், தோட்டக் கூலிக்குக் கொடுத்த டோக்கன் என்று பலதும் காசு வேடம் போடும். பின்பக்கத்தில் வளையம் ஒடிந்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஓட்டை போட்டது எல்லாம் பொய்யென்று நினைக்க வேண்டாம், காசுமாலைக்கும் அரைஞாணுக்கும் நல்ல காசையே துளைத்தார்கள்.

போலியில் மோசமானது ஒன்று. கிழக்கிந்தியக் கம்பனி என்று ஆங்கிலத்தில் எழுதி, அனுமாரோ இராமர் பட்டாபிஷேகமோ இலட்சுமியோ போட்டு, 1616, 1717, 1818 என்று வருடம் அடித்த காசுகள். கம்பனி இவற்றை அடிக்கவே இல்லை, பிற்காலத்தில் யாரோ செய்து விற்பவை. இதற்கு அரிசியை இழுக்கும் சக்தி இருக்கிறது, விண்வெளி ஆய்வுக்காரர் கோடி கொடுப்பார்கள் என்று சொல்லி முற்பணம் கேட்பதுதான் அந்த வியாபாரம். அரிசிக்குள் இரும்புத்தூள், காசுக்குள் காந்தம், அவ்வளவுதான். யாராவது இதைப் பற்றிக் கதைக்க வந்தால் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உறுதிப்படுத்துவதும் ஒப்படைப்பதும்

இவ்வளவும் பார்த்த பிறகு நுமிஸ்டா என்ற இணையப் பட்டியலில் சிலோன் பகுதியைத் திறந்து, உங்கள் எடையையும் விட்டத்தையும் ஒப்பிடுங்கள். கூகிள் லென்ஸ் சொல்வதை முடிவாக எடுக்காதீர்கள். தேய்ந்த மஸ்ஸவுக்கு அது எந்த நாட்டின் பெயரையும் சொல்லும். கொழும்புக்குப் போகும் வேலை இருந்தால் கோட்டையில் மத்திய வங்கியின் நாணய அருங்காட்சியகத்தையும் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு மஸ்ஸவை நேரில் பார்த்த கண், கெட்டுப்போன மஸ்ஸவிலும் அந்த வேட்டி மடிப்பைப் பிடித்துவிடும்.

1815க்கு முற்பட்டது என்று தெரிந்தால், அல்லது அப்படிச் சந்தேகம் வந்தால், விற்கவோ வெளிநாட்டு உறவினருக்குக் கொடுத்துவிடவோ பார்க்காதீர்கள். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பொலிஸ் அல்லது தொல்பொருள் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் என்று எங்காவது தாமதிக்காமல் அறிவியுங்கள். விலை எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தேய்ந்த துட்டும் தேய்ந்த சதமும் யாரையும் பணக்காரர் ஆக்காது.

போகும்போது காசை மட்டும் கொண்டுபோகாதீர்கள். இடம், ஆழம், தேதி, கூடக் கிடைத்தவை எழுதிய தாள், இரண்டு பக்கப் படம், எடை, விட்டம் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் பெற்றுக்கொண்டவரின் பெயர், பதவி, தேதி, கையெழுத்து வாங்குங்கள். கிடைத்த இடத்தில் இன்னும் காசோ பானை ஓடோ தெரிந்தால் கிண்டாமல் ஒரு பலகையைப் போட்டு மூடி, மழைத் தண்ணீர் ஓடாத மாதிரிச் சுற்றிவர மண் அணைத்துவிட்டுப் போங்கள்.